சாகாத சூனியக்காரி

சூனியக்காரி என்றதும் காட்டோரத்துக் குடிசையும், கொதிக்கும் கொப்பரையும், கூன் விழுந்த கிழவியும் நினைவுக்கு வருவது வழக்கம். அந்த வழக்கம் மாறி வெகு காலமாகிறது. மேல்நாட்டுப் புத்தகக் கடைகளில் இப்போது மலைபோல் குவிந்து கிடக்கும் மாயக் கதைகளில் சூனியக்காரிகள் காட்டில் இல்லை. லண்டனிலும் நியூயார்க்கிலும் மாடி வீடுகளில் குடியிருக்கிறார்கள். பஸ்ஸில் போகிறார்கள், ஆபீசில் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்குச் சாவு கிடையாது. ஐந்நூறு வயது ஆகியிருக்கும். முகத்தில் ஒரு சுருக்கம் இராது!

இந்த ரகத்தில் பெரும்பாலானவை ரயில் ஏறும்போது வாங்கி, இறங்கும்போது மறந்துவிடத் தக்கவை. காரணம் எளிது. சாவே இல்லாதவளுக்கு இழப்பதற்கு என்ன இருக்கிறது? இழக்க ஒன்றும் இல்லாதவளுக்காக வாசகனின் நெஞ்சு எதற்காகப் படபடக்க வேண்டும்?

இந்தக் குறைக்கு ஆளாகாத ஒரு நாவல் உண்டு. இன்றைய நகரத்து மாயக் கதைகளுக்கெல்லாம் பாட்டி முறை என்று அதைக் கூறலாம். எழுதப்பட்ட இடம் மாஸ்கோ நகரம். எழுதிய ஆண்டுகள் 1928 முதல் 1940 வரை. எழுதியவர் மிகயில் புல்ககோவ் என்ற ரஷ்ய ஆசிரியர். நாவலின் பெயர் 'மாஸ்டரும் மார்கரீட்டாவும்'.

அதன் கதாநாயகி மார்கரீட்டாவும் சூனியக்காரிதான். ஆனால் ஓர் இரவும் ஒரு பகலும் மட்டுமே அவள் சூனியக்காரியாக இருக்கிறாள். சாகாவரமும் அவளுக்குக் கிடைக்கிறது. எப்போது தெரியுமா? சூனியம் அவள் முகத்தை விட்டு நீங்கிய பிறகு!

ஐம்பதாம் நம்பர் வீடு

புல்ககோவ் 1891-இல் கீவ் நகரில் பிறந்தவர். படித்தது டாக்டர் படிப்பு. கிராமத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். உள்நாட்டுப் போர் ஓய்ந்த சமயத்தில், 1921-இல், டாக்டர் தொழிலை உதறிவிட்டு, பேனாவை நம்பி மாஸ்கோ வந்து சேர்ந்தார்.

வந்தவருக்குக் கிடைத்தது சதோவாயா வீதியில் 10-ஆம் எண் கட்டடத்தில் 50-ஆம் நம்பர் வீட்டில் ஓர் அறை. வீடு என்றால் தனி வீடு அல்ல, ஒண்டுக்குடித்தனம். ஒரே சமையலறையில் பல அடுப்புகள். பல குடும்பங்களின் சண்டை. சுவருக்கு அந்தப் பக்கம் குடிகாரர்களின் கூச்சல். புரட்சிக்குப் பின் ஜனங்கள் நகரத்தில் வந்து நெருக்க, மாஸ்கோவில் உணவுக்கு அடுத்த பெரும் பஞ்சம் அறைப் பஞ்சமாக இருந்தது. ஓர் அறைக்காக மனிதன் எதையும் செய்வான் என்பதைப் புல்ககோவ் அந்த 50-ஆம் நம்பர் வீட்டில் இருந்துகொண்டு பார்த்தார்.

பின்னால் நாவல் எழுதியபோது, மாஸ்கோவுக்கு விஜயம் செய்யும் சாத்தானை எங்கே குடிவைப்பது என்று அவர் அதிகம் யோசித்திருக்க மாட்டார். அதே வீதி, அதே 50-ஆம் நம்பர்! கட்டடத்தின் எண்ணை மட்டும் மாற்றினார்.

இங்கேதான் அவருடைய சாமர்த்தியம். சாத்தான் வோலாந்து அந்தச் சிறிய வீட்டுக்குள் அரண்மனை போன்ற நடன மண்டபத்தை அமைக்கிறான். பார்த்த மார்கரீட்டா திகைக்கிறாள். சாத்தானின் காரியஸ்தன் கொரோவியெவ், இதெல்லாம் ஐந்தாவது பரிமாணம் தெரிந்தவனுக்கு அற்ப வேலை என்கிறான். அதோடு விடாமல், எந்தப் பரிமாணமும் தெரியாமலே இதைச் செய்த மாஸ்கோ ஆசாமி ஒருவனின் கதையையும் சொல்கிறான். அவனுக்கு மூன்று அறை வீடு கிடைத்தது. நடுவே ஒரு தடுப்பு வைத்து நாலறை ஆக்கினான். அதைக் கொடுத்து மூன்றறை வீடு ஒன்றும், இரண்டறை வீடு ஒன்றுமாக மாற்றிக்கொண்டான். ஆயிற்று ஐந்து. பிறகு மூன்றறை வீட்டைக் கொடுத்து இரண்டறை வீடுகள் இரண்டு வாங்கினான். ஆறு! சாத்தானின் ஆளே மெச்சும் வித்தை அல்லவா இது?

சிரித்துக்கொண்டே படிக்கும் வாசகன், சில பக்கங்கள் கழித்து அதே அறைப் பஞ்சத்தின் மற்றொரு முகத்தைக் காண்கிறான். மாஸ்டர் என்று மட்டும் அழைக்கப்படும் எழுத்தாளன், நகரத்தின் ஒரு சந்தில் நிலவறையில் இரண்டு அறைகள் வாடகைக்குப் பிடித்து, ஏசுநாதருக்குத் தண்டனை விதித்த பிலாத்துவைப் பற்றி நாவல் எழுதுகிறான். மோகாரிச் என்றொரு நண்பன் வந்து போகிறான். மிகவும் நல்லவன்போல் பேசுகிறான். சட்டவிரோதமான புத்தகங்களை வைத்திருப்பதாக மாஸ்டர்மீது எழுதிப் போட்டவன் அந்த நண்பன்தான். பகையா? கொள்கையா? இரண்டும் இல்லை. அந்த இரண்டு அறைகள் அவனுக்கு வேண்டியிருந்தன!

நகரத்தை வைத்து மாயக் கதை எழுதும் பிற்காலத்தவர்கள் பலர் தெருப் பெயர்களையும் விளக்குக் கம்பங்களையும் எழுதிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். புல்ககோவின் மாஸ்கோவில் பேய்களைவிடப் பயங்கரமானது வாடகைச் சீட்டு.

துடைப்பத்தின் மீது

நாவலின் பெயரில் பாதி மார்கரீட்டாவுக்கு உரியது. ஆனால் 18 அத்தியாயங்கள் முடிந்து, இரண்டாம் பாகம் தொடங்கும்போதுதான் அவள் முன்னுக்கு வருகிறாள். அதுவரை மேடை சாத்தானுடையது. அவனோடு வந்த, இரண்டு காலில் நடக்கும் கறுப்புப் பூனையுடையது. இதனாலோ என்னவோ, உலகெங்கும் இந்நூலுக்கு அட்டைப் படமாகப் பூனையையே போட்டு வருகிறார்கள். பூனை வேடிக்கையானதுதான். டிராமில் ஏறி, டிக்கெட்டுக்குக் காசு நீட்டும் பூனை வேறு எந்த இலக்கியத்தில் உண்டு? இருந்தாலும் பூனை இல்லாமல் இந்த நாவலை நினைத்துப் பார்க்கலாம். மார்கரீட்டா இல்லாவிட்டால் நாவலே இல்லை.

அவள் முப்பது வயதுப் பெண். புருஷன் பெரிய நிபுணன், நல்லவன், கை நிறையச் சம்பளம். தோட்டத்தோடு கூடிய வீடு. ஒண்டுக்குடித்தனம் என்றால் என்னவென்றே அறியாதவள். குழந்தை இல்லை. இவள் மாஸ்டரைச் சந்திக்கிறாள். அவனுடைய நாவலைத் தன் நாவலாக நினைத்துக் காக்கிறாள். விமர்சகர்கள் ஒன்றுகூடித் தாக்க, அவன் மனம் உடைந்து கையெழுத்துப் பிரதியை அடுப்பில் போடுகிறான். அவள் வெறுங் கையை நெருப்பில் விட்டு, எரியாமல் மிஞ்சிய கடைசிக் கட்டை இழுக்கிறாள். பிறகு மாஸ்டர் ஒரு நாள் காணாமற் போய்விடுகிறான். கருகிய அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு அவள் காத்திருக்கிறாள்.

இந்தச் சமயத்தில்தான் சாத்தானின் ஆள் அஸஸெல்லோ பூங்கா பெஞ்சில் வந்து உட்கார்ந்து, தங்கப் பெட்டியில் ஒரு களிம்பைக் கொடுக்கிறான். சாத்தானின் நடன விருந்துக்கு மார்கரீட்டா என்ற பெயருள்ள எஜமானி தேவை. மாஸ்கோவில் அந்தப் பெயரில் 121 பெண்களைத் தேடிப் பார்த்தும் ஒருத்தியும் பொருந்தவில்லையாம்! மாஸ்டரைப் பற்றித் தகவல் தெரியலாம் என்ற ஒரே நம்பிக்கையில் அவள் சம்மதிக்கிறாள். இரவு ஒன்பதரை மணிக்குக் களிம்பைப் பூசுகிறாள். பத்து வயது குறைகிறது. உடம்பு காற்றில் மிதக்கிறது. துடைப்பத்தில் ஏறி, கண்ணுக்குத் தெரியாத உருவத்தோடு, மாஸ்கோவின் தெருவிளக்குகளுக்கு மேலே பறக்கிறாள்.

முதலில் எங்கே போனாள்? எழுத்தாளர்களுக்கென்று கட்டிய எட்டு மாடிக் கட்டடத்துக்கு. மாஸ்டரைக் கெடுத்த விமர்சகன் லதூன்ஸ்கியின் வீடு அங்கே இருக்கிறது. ஆசாமி வீட்டில் இல்லை. பியானோவை அடித்து நொறுக்கினாள். அலமாரியைப் பிளந்தாள். குழாயைத் திறந்துவிட்டு வீட்டை வெள்ளக்காடாக்கினாள். போதாதென்று வெளியே வந்து, கட்டடத்தின் ஜன்னல் கண்ணாடிகளை வரிசையாக உடைத்துக்கொண்டே போனாள்.

மூன்றாம் மாடியில் கை நின்றது.

இருட்டறையில் ஒரு சின்னக் கட்டில். அதில் நாலு வயதுப் பையன் ஒருவன், கண்ணாடி உடையும் சத்தம் கேட்டுப் பயந்து, எழுந்து உட்கார்ந்திருக்கிறான். பெரியவர்கள் யாரும் இல்லை. அவள் உள்ளே போய், பயப்படாதே என்று தேற்றி, பிள்ளை இல்லாத ஓர் அத்தையைப் பற்றிக் கதை சொல்லித் தூங்க வைக்கிறாள். அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் ஒரு கண்ணாடியும் உடையவில்லை.

பறக்கும் காட்சியை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். ஆத்திரத்தின் உச்சியில் இருக்கும் சூனியக்காரியைக் குழந்தையின் கட்டிலருகே உட்கார வைத்தது புல்ககோவின் கை.

நீல விளிம்புக் கைக்குட்டை

சாத்தானின் விருந்துக்கு வருபவர்கள் யார்? விஷம் வைத்தவர்கள், கொலைகாரர்கள், காட்டிக் கொடுத்தவர்கள். பிணங்கள் கணப்படுப்பின் வழியே வந்து விழுந்து, எழுந்து, கனவான்களாகவும் சீமாட்டிகளாகவும் உருவெடுத்து வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொருவரும் மார்கரீட்டாவின் முழங்காலில் முத்தமிட்டுச் செல்ல வேண்டும். முழங்கால் வீங்கிவிடுகிறது. ஒவ்வொருவரையும் அவள் பார்த்துச் சிரிக்க வேண்டும்; அதுதான் நிபந்தனை.

அந்தக் கூட்டத்தில் ஃப்ரீடா என்று ஒருத்தி. காப்பிக் கடையில் வேலை செய்தவள். கடைக்காரன் அவளைச் சாமான் அறைக்கு அழைத்துக் கெடுத்தான். பிறந்த சிசுவின் வாயில் அவள் கைக்குட்டையைத் திணித்துக் கொன்று புதைத்தாள். அதற்குத் தண்டனையாக, நீல விளிம்பு போட்ட அதே கைக்குட்டை தினமும் அவள் படுக்கையருகே வைக்கப்படுகிறது. முப்பது ஆண்டுகளாக! எரித்தாலும், ஆற்றில் எறிந்தாலும் விடிந்ததும் அங்கே இருக்கும்.

கேட்டதும் மார்கரீட்டாவின் வாயில் வந்த கேள்வி ஒன்றே ஒன்று: அந்தக் கடைக்காரன் எங்கே? சாத்தானின் சபையிலும் அதற்குச் சரியான பதில் இல்லை.

விருந்து முடிகிறது. கூலியாக ஒரு வரம் கேட்கலாம் என்கிறான் சாத்தான். ஒன்றே ஒன்று. எதற்காக அவள் களிம்பைப் பூசினாள்? எதற்காக இரவெல்லாம் பிணங்களுக்கு முன்னால் நின்றாள்? மாஸ்டருக்காக. வாயைத் திறந்து அவனைக் கேட்க வேண்டியதுதான் பாக்கி. அவளோ, ஃப்ரீடாவுக்கு இனிமேல் அந்தக் கைக்குட்டையை வைக்கக் கூடாது என்கிறாள்!

ஏன்? கருணை நிறைந்தவள் என்று தன்னை அவள் சொல்லிக்கொள்ளவில்லை. விருந்தின்போது அந்தப் பெண்ணுக்கு நம்பிக்கை கொடுத்துவிட்டாளாம்; கொடுத்துவிட்டுக் கைவிட்டால் வாழ்நாளெல்லாம் நிம்மதி இராதாம். அவ்வளவுதான் அவள் சொல்லும் காரணம்.

ஜெர்மன் மகாகவி கதேயின் 'ஃபாஸ்ட்' நாடகத்தை அறிந்தவர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த நாடகத்தில் காதலனால் கெட்டு, தன் சிசுவைத் தண்ணீரில் அமிழ்த்திக் கொன்ற பெண்ணின் பெயரும் மார்கரீட்டாதான்! புல்ககோவ் அந்த ஒருத்தியை இருவராகப் பிரித்தார். பெயரை ஒருத்திக்கும் பாவத்தை மற்றொருத்திக்கும் கொடுத்தார். பெயரைப் பெற்றவள் பாவத்தைப் பெற்றவளுக்காகத் தன் வரத்தை இழக்கிறாள்.

சாத்தான் அதைக் கணக்கில் சேர்க்காமல், மாஸ்டரையும் திருப்பித் தருகிறான். எரிந்த நாவலும் பூனையின் ஆசனத்துக்கு அடியிலிருந்து முழுசாக வெளிவருகிறது. கடைசியில் விஷம் கலந்த மதுவைக் குடித்துக் காதலர் இருவரும் சாகிறார்கள், செத்து, எழுகிறார்கள். செத்த கணத்தில் அவள் முகத்திலிருந்த சூனியக்காரியின் மாறுகண்ணும் மூர்க்கமும் மறைந்துவிட்டதாக ஆசிரியர் ஒரு வரி எழுதிச் செல்கிறார். அதன் பிறகே கறுப்புக் குதிரைகள், முடிவில்லாத பயணம், செர்ரி மரங்கள் பூத்த பாதை, கொடி படர்ந்த வீடு எல்லாம்.

இந்த முடிவைக் கண்ணை மூடிக்கொண்டு புகழ வேண்டியதில்லை. காலமெல்லாம் மாஸ்டரின் உறக்கத்துக்குக் காவல் இருப்பதே மார்கரீட்டாவின் சொர்க்கம் என்று ஆசிரியர் முடிவு செய்துவிடுகிறார். மாஸ்கோ வானத்தில் பறந்தவளுக்கு அது போதுமா என்று கேட்கும் வாசகியிடம் நியாயம் இருக்கிறது. ஆயினும், எழுதியவரின் நிலையை நினைத்தால் அந்த முடிவின் ஏக்கம் புரியும்.

அடுப்பில் போன பிரதி

1926-இல் புல்ககோவின் நாடகம் 'டர்பின்களின் நாட்கள்' மாஸ்கோ கலை நாடகசாலையில் நடந்து பெரும் புகழ் பெற்றது. புகழோடு வசையும் வந்தது. 1929-இல் அவருடைய எல்லா நாடகங்களும் மேடையிலிருந்து இறங்கிவிட்டன. 1930 மார்ச் 28-இல் சோவியத் சர்க்காருக்கு அவர் எழுதிய கடிதம் பிரசித்தமானது. தம்மைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்த 301 குறிப்புகளை எண்ணிப் பார்த்ததாகவும், புகழ்ந்தவை 3, திட்டியவை 298 என்றும் அதில் கணக்குக் கொடுத்தார். சாத்தானைப் பற்றி எழுதி வந்த நாவலின் பிரதியைத் தம் கையாலேயே அடுப்பில் போட்டுவிட்டதையும் தெரிவித்தார். நாட்டை விட்டுப் போக அனுமதியுங்கள். இல்லாவிட்டால் நாடகசாலையில் ஏதாவது வேலை கொடுங்கள் என்பது வேண்டுகோள்.

ஏப்ரல் 18-இல் டெலிபோன் மணி அடித்தது. மறுமுனையில் ஸ்டாலின்! வேலை கிடைத்தது. வெளிநாடு போக அனுமதி கடைசிவரை கிடைக்கவில்லை.

எரித்த நாவலை மறுபடி எழுதத் தொடங்கினார். முதல் வடிவங்களில் இல்லாத ஒருத்தி இப்போது கதைக்குள் வந்தாள். அதற்குக் காரணம் உண்டு. 1929-இல் ஒரு விருந்தில் எலேனா செர்கெயெவ்னா என்ற பெண்ணைப் புல்ககோவ் சந்தித்திருந்தார். செஞ்சேனையின் உயர்ந்த அதிகாரி ஒருவரின் மனைவி; இரண்டு பிள்ளைகளின் தாய். இவரும் மணமானவர். ஒன்றரை ஆண்டுக்கு மேல் பிரிந்திருந்து பார்த்தார்கள். முடியவில்லை. 1932-இல் மணந்துகொண்டார்கள். மூத்த பிள்ளை தகப்பனாரோடு தங்க, இளையவன் தாயோடு வந்தான். சௌகரியமான வீட்டை விட்டு, போலீஸார் கண் வைத்திருந்த எழுத்தாளரின் வீட்டுக்கு எலேனா அம்மையார் வந்தார். மார்கரீட்டாவின் முன்மாதிரி இவரே என்று பொதுவாகக் கருதப்படுகிறது.

1938-இல் நாவல் முழுதாக டைப் செய்யப்பட்டது. அடுத்த ஆண்டே ஆசிரியருக்குச் சிறுநீரக நோய் முற்றியது. தகப்பனாரின் உயிரைக் குடித்த அதே நோய். டாக்டருக்குப் படித்தவரல்லவா? முடிவு தெரிந்துவிட்டது. கண் பார்வை மங்கியது. படுக்கையில் கிடந்தபடி அவர் திருத்தங்களைச் சொல்ல, மனைவி எழுதினார். 1940 பிப்ரவரி வரை இது நடந்தது. மார்ச் 10-இல் புல்ககோவ் மாண்டார். வயது 48.

காத்திருந்த ஆண்டுகள் 26

அந்தப் பிரதியைப் பிரசுரம் செய்வது இருக்கட்டும், வைத்திருப்பதே ஆபத்து. எலேனா அம்மையார் அதை வைத்திருந்தார். யுத்தம் வந்தது. அவர் தாஷ்கண்டுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே கவிஞர் அன்னா அக்மாத்தவா போன்ற மிகச் சிலர் நாவலைப் படித்தார்கள். மாஸ்கோ திரும்பினார். ஸ்டாலின் மறைந்தார். பத்திரிகாசிரியர்களையும் எழுத்தாளர்களையும் அம்மையார் மறுபடி மறுபடி அணுகினார். கதவு திறக்கவில்லை.

1966 நவம்பரில் 'மாஸ்க்வா' என்ற மாதப் பத்திரிகை, எழுத்தாளர் கான்ஸ்டன்டின் சீமனவின் முன்னுரையோடு, நாவலின் முதல் பகுதியை வெளியிட்டது. மறு பகுதி 1967 ஜனவரி இதழில் வந்தது. ஜனங்கள் இதழுக்குப் பறந்தார்கள். ஆனால் வந்தது முழு நாவல் அல்ல. ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு தணிக்கையில் போயிருந்தது. கைதுகளைப் பற்றிய சாடைகள் போயின. நிர்வாணம் என்று கண்டவை போயின. கத்தரிக்கு அதிகமாக இரையானது இரண்டாம் பாகந்தான். அதாவது, மார்கரீட்டாவின் பாகம்!

தணிக்கையாளர்களுக்குச் சாத்தான் மாஸ்கோவில் நடமாடியதில்கூட அவ்வளவு ஆட்சேபம் இல்லை. ஒரு பெண் துணியின்றி, பயமின்றி நகரத்துக்கு மேலே பறந்ததுதான் தாங்கவில்லை. வெட்டிய பகுதிகள் சும்மா இருந்தனவா? ஆர்வமுள்ளவர்கள் அவற்றைத் தனியே டைப் செய்து, பத்திரிகையின் பக்கங்களுக்கு இடையே செருகி வைத்துக்கொண்டார்கள். 1969-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் முழு நாவலும் ரஷ்ய மொழியில் புத்தகமாயிற்று. அதில் மாஸ்கோவில் வெட்டப்பட்ட இடங்களைச் சாய்வெழுத்தில் அச்சிட்டுக் காட்டினார்கள். தணிக்கையாளரின் கத்தரி போன வழியையெல்லாம் வாசகன் விரலால் தடவிப் பார்க்கலாம்!

சதோவாயா வீதியின் 10-ஆம் எண் கட்டடம் இன்றும் நிற்கிறது. 50-ஆம் நம்பர் வீட்டுக்குப் போகும் மாடிப்படிச் சுவர்களில் வாசகர்கள் படம் வரைந்தார்கள், பெயர் எழுதினார்கள். வெள்ளையடிக்க அடிக்க மறுபடியும் எழுதினார்கள். 2007-இல் அந்த வீடு சர்க்கார் கண்காட்சிசாலை ஆயிற்று. ஓர் அறைக்குத் தவித்தவருக்கு இப்போது வீடு முழுவதும் சொந்தம்.

புல்ககோவின் சமாதி மாஸ்கோவில் நோவதேவிச்சி இடுகாட்டில் இருக்கிறது. அதன்மேல் கிடக்கும் கருங்கல், முன்பு அவருடைய மானசீக குரு கோகோலின் சமாதியில் இருந்தது. கோகோலின் சமாதியை இடம் மாற்றியபோது கழித்துப் போட்ட அந்தக் கல்லைக் கல் தச்சர்களின் கொட்டடியில் கண்டெடுத்து, விலை கொடுத்து வாங்கிக் கணவரின் தலைமாட்டில் வைத்தவர் எலேனா அம்மையார்.

1973-இல் 'மாஸ்டரும் மார்கரீட்டாவும்' ஒரு வரி குறையாமல் மாஸ்கோவிலேயே புத்தகமாக வந்தது. அம்மையார் 1970 ஜூலையில் காலமாகிவிட்டார். அவரையும் அதே கல்லின் கீழேதான் வைத்திருக்கிறார்கள்.